எல்லாம் செட்

ஓசூரில் தமிழ் தெரியாமல் பிழைக்கலாம், கன்னடம் தெரியாமல் பிழைக்கலாம், தெலுங்கு தெரியாமலும் பிழைக்கலாம். 'செட்' என்கிற ஒரு சொல் தெரியாமல் ஒரு நாளைக்கூட ஓட்ட முடியாது. காலையில் செட் தோசை. வீடு கட்டுகிறவனுக்கு கான்கிரீட் செட் ஆக வேண்டும். தென்மாவட்டத்திலிருந்து வேலைக்கு வந்து பத்தாம் நாள் ஊருக்கு ஓடுகிறவன், "குளிர் செட் ஆகல" என்று சொல்லிவிட்டுத்தான் ஓடுவான். சேர்ந்து டீ குடிக்கிறவர்கள் ஒரு செட். ஏமாளி ஒருத்தனை மாட்டிவிட நாலு பேர் கூடிப் பேசினால் அது செட்டப். இங்கிலீஷ்காரன் இந்தச் சொல்லுக்கு எத்தனை அர்த்தம் எழுதி வைத்திருந்தாலும், சிப்காட் வாசலில் வந்து நின்றால் இன்னும் நாலு கற்றுக்கொண்டு போவான்.

பாஸ்கரனுக்கு அந்தச் சொல்தான் சோறு போட்டது. இருபத்தாறு வருடத்துக்கு முன்பு விருதுநகர்ப் பக்கத்திலிருந்து வந்தவர், ஒரு பிரஸ் ஷாப்பில் டை செட்டர். தகட்டை வெட்டி வளைக்கிற அச்சுக்கு டை என்று பெயர். அதை மெஷினில் ஏற்றி, மயிரிழை பிசகாமல் உட்காரவைத்து, நாலைந்து பீஸ் அடித்து அளவு பார்த்து, சரியானதும் கையைத் துடைத்துக்கொண்டு ஆபரேட்டரிடம் சொல்வார்: "எல்லாம் செட். ஓட்டிக்கம்மா." அதற்குமேல் யாரும் ஒரு கேள்வி கேட்டதில்லை. மனிதருக்கு அதில் கொஞ்சம் கர்வமும் உண்டு. மகள் பிரியதர்ஷினிக்கு வரன் கூடிவந்தபோதுகூட, "மாப்பிள்ளை செட் ஆயிட்டாரு" என்றுதான் ஷாப் முழுக்கச் சொல்லிக்கொண்டு திரிந்தார். ரிட்டயர்மென்டுக்கு ஐந்து மாதம் இருந்தது.

அங்கே ஒரு பழைய பிரஸ். அதில் இரண்டு பட்டன். இரண்டு கையாலும் சேர்த்து அழுத்தினால்தான் அச்சு இறங்கும். கை உள்ளே மாட்டக் கூடாது என்பதற்கான ஏற்பாடு. ஆனால் செட் பண்ணுகிற நேரத்தில் செட்டருக்கு ஒரு கை வேண்டியிருக்கும். அதனால் இடது பட்டனில் எதையாவது மடித்துச் செருகி அழுந்தியபடி வைத்துவிட்டு, வேலை முடிந்ததும் பிடுங்கிவிடுவார்கள். செய்யக் கூடாத காரியம்தான். செய்யாத செட்டரைக் காட்டுங்கள் பார்ப்போம். அந்தச் செவ்வாய்க்கிழமை காலையில் பாஸ்கரன் தன் பிரஷர் மாத்திரைப் பெட்டியின் அட்டையைக் கிழித்து, நாலாக மடித்துச் செருகியிருந்தார். பக்கத்து மெஷின் நின்றுபோய் சூப்பர்வைசர் அங்கிருந்து கத்தினார். "எல்லாம் செட்" என்று ஆபரேட்டர் வீரலட்சுமியிடம் சொல்லிவிட்டு பாஸ்கரன் அங்கே ஓடினார். அட்டையைப் பிடுங்க மறந்துபோனார்.

பத்து நிமிடம்கூட ஆகியிருக்காது. கோணலாக உட்கார்ந்த தகட்டை வீரலட்சுமி இடது கையால் நகர்த்தியபோது, வலது முழங்கை மற்ற பட்டனில் பட்டுவிட்டது. மூன்று விரல் போயிற்று.

மறுநாள் எச்.ஆர். மோகன்குமார் பாஸ்கரனைக் கூப்பிட்டு உட்காரவைத்தார்.

"டார்கெட்டுக்காக அந்தம்மாவே பட்டனை அடைச்சிருக்கு. நீங்க விட்டுட்டுப் போறப்போ மெஷின் கிளீனா இருந்துச்சு, அவ்வளவுதான? பேப்பர் எல்லாம் செட் பண்ணி வெச்சிருக்கேன், ஒரு சைன் போடுங்க."

தப்பு வீரலட்சுமிமேல் என்றால் அவள் வேலை போய்விடும். செட்டர்மேல் என்றால் கம்பெனி அவளுக்கு வேறு வேலை கொடுத்து வைத்துக்கொள்ள வேண்டும். பாஸ்கரனுக்கு இது நன்றாகத் தெரியும். மேஜையில் ஒரு பிளாஸ்டிக் கவருக்குள் அந்த அட்டை இருந்தது, மாத்திரையின் பெயர் பாதி தெரிந்தது. அதை உற்றுப் பார்க்க யாருக்கும் தோன்றவில்லை. கல்யாணம், ரிட்டயர்மென்ட், போலீஸ் எல்லாம் ஒரேயடியாகக் கண்முன் வந்து நின்றன. கையெழுத்துப் போட்டார். கை நடுங்காததுதான் அவருக்கே அருவருப்பாக இருந்தது.

மூன்று வாரம் சோறு இறங்கவில்லை. மனைவி பவளம், கல்யாணக் கவலை என்று நினைத்துக்கொண்டாள். நான்காவது ஞாயிற்றுக்கிழமை அவளிடம்கூடச் சொல்லாமல் வீரலட்சுமியின் ஊரான ராயக்கோட்டைக்கு பஸ் ஏறினார்.

ஊருக்கு வெளியே தோட்டத்து வீடு. வாசலில் தக்காளி குவிந்து கிடந்தது. கட்டுப் போட்ட இடது கையை மடியில் வைத்துக்கொண்டு, வலது கையால் வீரலட்சுமி நல்லதைப் பொறுக்கி பிளாஸ்டிக் கிரேட் பெட்டியில் போட்டுக்கொண்டிருந்தாள். அவரைப் பார்த்ததும் முகம் மலர்ந்தது.

"வாங்கண்ணா! இவ்ளோ தூரம் எதுக்கு வந்தீங்க? எங்கூட்டுக்காரரு பம்ப்செட்டாண்ட போயிருக்காரு, கூப்புடட்டா?"

"வேணாம்மா. நீ இரு." எதிரே குந்தினார். "கை எப்பிடி இருக்கு?"

"வலி பரவால்லண்ணா. வேலைக்கு வரவேணாம்னு சொல்லிட்டாங்க, அதுதான் வலிக்குது. அட்டைய நான்தான் சொருகுனேனாம். எனக்கு நெனப்பே இல்ல. நீங்க செட்டுனு சொல்லிட்டா நான் மெஷினத் திரும்பிக்கூடப் பாக்கறதில்ல. அப்பறம் எப்பிடிச் சொருகுனேன்? அவசரத்துல செஞ்சிருப்பனோ என்னமோ. இவருகூட அதான் திட்டறாரு, உன் அவசரம்தாண்டி உன் கைய தின்னுடுச்சுனு."

பாஸ்கரனால் அதற்குமேல் கேட்டுக்கொண்டிருக்க முடியவில்லை.

"நீ சொருகலம்மா. நாந்தேன். செட் பண்ணிட்டு எடுக்க மறந்துட்டேன்."

சொன்னதும் அழுதுவிட்டார். அறுபது வயதை எட்டப்போகிற மனிதர், மூக்கை வேட்டியில் துடைத்துக்கொண்டு அழுதார். அவள் திட்டுவாள், அந்தத் தக்காளியை எடுத்து முகத்தில் எறிவாள் என்று காத்திருந்தார். எறிந்தால் நன்றாக இருக்கும் என்றுகூட இருந்தது. அவள் வலது கையால் கட்டுப் போட்ட கையைப் பொத்திக்கொண்டு அவரையே பார்த்தாள்.

"இத ஆபீஸ்ல வந்து சொல்லுவீங்களாண்ணா?"

பாஸ்கரன் வாயைத் திறந்தார். தரையைப் பார்த்தார்.

"அடுத்த மாசம் பிள்ளைக்குக் கல்யாணம்மா..."

வீரலட்சுமி தலையாட்டினாள். கோபப்படக்கூட அவளுக்குத் தெம்பு இல்லை.

"என் தப்புதான்னு இருந்தப்ப, போவுது, என் தலையெழுத்துன்னு கண்ண மூடிப் படுத்துக்கிட்டேன். இனிமே எப்பிடிண்ணா தூங்குவேன்? அங்க சொல்ல மாட்டீங்கன்னா எங்கிட்ட எதுக்கு வந்து சொன்னீங்க?"

தூரத்தில் வரப்புமேல் அவள் புருஷன் முனிவேல் வருவது தெரிந்தது. அவன் வந்து சேர்வதற்குள் பாஸ்கரன் எழுந்து பஸ்ஸுக்கு நடந்தார்.