இரண்டு நாடும் தலையாட்டிய நாள்

ஜமீல் மௌத்தான செய்தி அன்றைக்கே பாலக்கரைக்கு வந்துவிட்டது. ஜமீல் வந்து சேரத்தான் இரண்டு நாடுகள் மனது வைக்க வேண்டியிருந்தது.

தென் அமெரிக்காவில் பக்கத்துப் பக்கத்தில் கிடக்கிற நாடுகள். பெயரைச் சொல்லி என்ன ஆகப்போகிறது, இப்போது இரண்டும் தோளில் கைபோட்டுக்கொண்டு போட்டோவுக்கு நிற்கின்றன. நடுவே ஒரு பெரிய ஆறு. ஒரு கரையில் அணைக்கட்டு மின்சாரம் மிதமிஞ்சிக் கிடக்கிறது, எரிவாயு கிடையாது. மறுகரையில் எரிவாயு கிடக்கிறது, கரண்டு கிடையாது. நீ அதைக் கொடு, நான் இதைத் தருகிறேன் என்று பேசி முடிக்க அவர்களுக்கு ஒரு தலைமுறை பிடித்தது. ஆற்றுத் தண்ணீருக்காகப் பக்கத்து மாநிலத்தோடு மல்லுக்கட்டிப் பழகிய திருச்சிக்காரனுக்கு இதை விளக்கிச் சொல்ல வேண்டியதில்லை. எப்படியோ கையெழுத்தாகி, ஆற்றின் குறுக்கே மின்கம்பி இழுக்க இரு கரையிலும் கோபுரம், ஆற்று நடுத்திட்டில் ஒரு கோபுரம் என்று வேலை நடந்தது. அந்த நடுத்திட்டுக் கோபுரத்தில்தான் ஜமீல் வெல்டர்.

திருச்சி பாய்லர் பட்டறைகளில் கை பழகிய வெல்டரை உலகத்தில் எங்கே வேண்டுமானாலும் கூப்பிடுவார்கள். ஜமீல் முன்பு குவைத்துக்குப் போனான், ஓமனுக்குப் போனான், முழுசாகத் திரும்பி வந்தான். இந்தத் தடவை வரவில்லை.

கூட வேலை பார்த்த துவாக்குடிப் பையன் பிரவீன்ராஜ்தான் போன் செய்தான். ஜமீலின் அண்ணன் கியாசுதீன் அப்போது கடையில் ஒரு மோட்டாரைப் பிரித்துப்போட்டுச் செம்புக் கம்பிக் காயில் கட்டிக்கொண்டிருந்தார். பிரவீன்ராஜுக்கு அழுகையில் பேச்சு குழறியது.

“வேலை நேரத்துலதான் பாய். பெல்ட் போட்டிருந்தாரு. மழையில பலகை ஒடஞ்சிருச்சு, பெல்ட் மாட்டியிருந்த கொக்கியும் பேத்துக்கிட்டு வந்துருச்சு, அப்படியே ஆத்துல விழுந்துட்டாரு. தெறப்பு விழாவுக்கு முன்னாடி முடிச்சாகணும்னு மழையிலயும் ஏத்திவிட்டாங்க. எம்பேர மட்டும் சொல்லிராதீங்க பாய்.”

கியாசுதீன் சொல்லமாட்டேன் என்றார். அந்தப் பையனுக்கும் ஒரு வீடு இருக்கிறது, பாவம்.

அதற்குப் பிறகுதான் கூத்து ஆரம்பித்தது. இந்தக் கரையில் கேட்டால் நடுத்திட்டு அந்தக் கரைக்குச் சேர்ந்தது என்றார்கள். அந்தக் கரையில் கேட்டால் உடம்பு ஒதுங்கியது இந்தக் கரையில், எங்களுக்கு என்ன தெரியும் என்றார்கள். இறப்புச் சான்றிதழ் கொடுக்க ஆளில்லை. ஆறடி மனிதன் எல்லையோர ஊர் ஒன்றின் பிணவறையில் கிடக்க, இரண்டு அரசாங்கங்கள் அவனைப் பந்து மாதிரி உதைத்துக்கொண்டிருந்தன. மௌத்தானவரை மறுவேளைக்குள் அடக்கிப் பழகிய குடும்பம் அது. பெற்ற அத்தா மௌத்தானபோது குளிப்பாட்டியது அவர் கை. தம்பி மட்டும் வாரக்கணக்கில் ஐஸில் கிடக்கிறான் என்றால் சோறு எப்படி இறங்கும்?

ஸ்ரீரங்கம் உத்தர வீதியில் பீமராவ் என்று ஒருவர் இருக்கிறார். வெளியுறவுத் துறையில் அந்தப் பக்கத்து நாடுகளிலேயே பாதி ஆயுளைக் கழித்து ஓய்வு பெற்றவர், அவர்கள் பாஷையும் தெரியும். அவர் வீட்டுத் தண்ணீர் மோட்டார் கெட்டால் கியாசுதீனிடம்தான் வரும். அந்தப் பழக்கத்தில் கியாசுதீன் போய் நின்றார். பீமராவும் பழைய சிநேகிதர்களுக்கெல்லாம் போன் போட்டு, விஷயத்தின் அடிவேர் வரை தோண்டிவிட்டார். தோண்டியதைச் சொல்லத்தான் அவருக்கு நாக்கு கூசியது.

இரு நாட்டு ஒப்பந்தத்தில் ஒரு ஷரத்து இருக்கிறதாம். வேலையில் ஒரு ஆள் செத்தால் இரண்டு நாட்டாரும் சேர்ந்து விசாரிக்க வேண்டும், விசாரணை முடியும்வரை இரு கரையிலும் வேலை நிற்க வேண்டும். தொழிலாளிக்குப் பாதுகாப்பு என்று நல்லெண்ணத்தில் எழுதியதுதான். ஆனால் இரண்டு ஜனாதிபதிகளும் வந்து ஸ்விட்ச் போட நாள் குறித்தாயிற்று. இப்போது வேலை நின்றால் இரண்டு ஊரிலும் எதிர்க்கட்சிக்காரர்கள் ஒப்பந்தத்தையே குழிதோண்டிப் புதைத்துவிடுவார்கள். அதனால் ஜமீல் வேலையில் செத்தவனாக இருக்கக் கூடாது. அவ்வளவுதான் விஷயம்.

“குடிச்சிட்டு ஆத்துல எறங்கிட்டார்னு முடிச்சுக்கலாம்கறாங்க,” என்றார் பீமராவ், கியாசுதீனின் முகத்தைப் பார்க்காமல். “குடும்பத்துலேர்ந்து ஒருத்தர் வீடியோ கால்ல வரணும். குடிப்பழக்கம் உண்டான்னு கேப்பாங்க. உண்டுன்னு சொன்னா அந்த வாரமே அனுப்பிடுவாங்க. சொல்லுங்கன்னு சொல்ல எனக்கு வாய் வரலை பாய். சொல்லாதீங்கன்னு சொல்லவும் வரலை.”

ஜமீலாவது குடிக்கிறதாவது! கல்யாண வீட்டில் கலர் பாட்டில் கொடுத்தால்கூட மோந்து பார்த்துவிட்டு வாயில் வைக்கிற பயல் அவன். அண்ணனே அதற்காக எத்தனையோ தடவை கேலி செய்திருக்கிறார்.

வீட்டுக்கு வந்து தம்பி மனைவியிடம் சொன்னார். சுராயா இத்தா இருக்கிறாள், புருஷன் மௌத்தானவள் வேற்று ஆண் கண்ணில் படாமல் இருக்கிற நாட்கள்; திரைக்குப் பின்னாலிருந்துதான் பேச்சு. அழுது அழுது குரல் கட்டிப்போயிருந்தாலும் வார்த்தை தெளிவாக வந்தது.

“வேணாம் பெரிய மச்சான். அவரு அங்கயே அடங்கட்டும். எந்த மண்ணா இருந்தாலும் அல்லாவோட மண்ணுதான். பேரு அப்படியில்லையே. நாளைக்கு அல்ஃபியாவுக்கு மாப்பிள்ளை பாக்கயில, குடிச்சிட்டு ஆத்துல விழுந்தானே அவன் மகளான்னுதானே கேப்பாங்க?”

சரி என்றுதான் கியாசுதீனும் எழுந்தார். அப்படியே விட்டிருப்பார். குறைந்தபட்சம் தம்பிக்குப் பள்ளிவாசலில் ஜனாஸா தொழுகையாவது வைக்கலாம் என்று ஜமாத் செயலாளர் அப்துல் சலாமிடம் போனார். அப்துல் சலாம் கையைப் பிடித்துக்கொண்டு உட்காரவைத்துத்தான் சொன்னார், ஆனால் சொன்னது இதுதான். மையித்து, அதாவது இறந்தவர் உடம்பு, முன்னால் இருந்தால்தான் நம் பள்ளியில் ஜனாஸா. நம் மத்ஹபில் அப்படித்தான் சட்டம். ஆளில்லாமல் தொழவைக்கிற பள்ளிகள் வேறு இருக்கின்றன, அங்கே வேண்டுமானால் கேட்டுப் பார்க்கலாம்.

அத்தாவுக்கும் அத்தாவின் அத்தாவுக்கும் தொழவைத்த பள்ளி. தம்பிக்கு மட்டும் இரவல் பள்ளியா? கியாசுதீனுக்கு அந்த இடத்தில் மனது உடைந்துவிட்டது. தொழுகையும் இல்லாமல், குளிப்பாட்டவும் ஆளில்லாமல், முகம் தெரியாதவர்கள் தம்பியைக் குழிக்குள் தள்ளிவிடுவார்கள் என்ற நினைப்பு அவரைத் தின்றது. சுராயாவிடம் சொல்லிக்கொள்ளாமல் ஸ்ரீரங்கத்துக்குப் பஸ் ஏறினார். இப்படிப்பட்ட காரியத்துக்கு ஜமாத்தில் ஒருவரைக் கூட்டிப்போகாமல் அந்தத் தெருவில் யாரும் போவதில்லை. அந்தப் பழக்கத்தில் அப்துல் சலாமையும் கூடவே அழைத்துப் போனார். தனியாகவே போயிருக்கலாம்.

பீமராவ் வீட்டுக் கூடத்தில் லேப்டாப்பைத் திறந்துவைத்தார்கள். இங்கே விளக்கு வைக்கிற நேரம், அங்கே காலை. திரையில் இரண்டு கட்டங்கள். ஒன்றில் கண்ணாடி போட்ட ஒரு அம்மாள், ஒரு நாட்டுக்காரி. மற்றதில் டை கட்டிய ஒருவர், மறு நாட்டுக்காரர். இரண்டு பேரும் இரங்கல் சொன்னார்கள். யார் முதலில் இரங்கல் சொல்வது என்பதிலேயே அவர்களுக்குள் சின்ன இழுபறி. பிறகு அந்த அம்மாள் கேட்டாள், பீமராவ் தமிழில் சொன்னார்.

“உங்க தம்பிக்குக் குடிப்பழக்கம் இருந்துதா?”

லைன் கெட்டுவிட்டதோ என்று டை கட்டியவர் காதில் கையை வைத்துப் பார்த்தார்.

“இருந்துச்சு,” என்றார் கியாசுதீன்.

ஊரில் பெரிய மனிதர் ஒருவரும் சொல்லவேண்டுமாம். அப்துல் சலாமைக் கேட்டார்கள். அவர் தாடியைத் தடவிக்கொண்டே, கூடப்பிறந்த அண்ணனே சொன்ன பிறகு நான் என்ன சொல்ல இருக்கிறது என்றார். பீமராவ் அதை அவர்கள் பாஷையில் எப்படிச் சொன்னாரோ, ஒரே ஒரு சொல்தான் சொன்னார். திரையில் இரண்டு நாடும் ஒரே சமயத்தில் தலையாட்டின.

மற்றதெல்லாம் மளமளவென்று நடந்தது. இரு நாடுகளும் கூட்டறிக்கை விட்டன. மின்திட்டம் குறித்த நாளில் திறக்கப்படும். அண்மையில் இறந்த அயல்நாட்டுத் தொழிலாளி மது அருந்திய நிலையில் வேலை நேரத்துக்கு வெளியே ஆற்றில் இறங்கியதாகக் குடும்பத்தாரே உறுதிசெய்துள்ளனர். இங்கே ஏதோ ஒரு தமிழ்ச் செய்தித்தளம் அதைப் பிடித்து, போதையில் ஆற்றில் இறங்கிய திருச்சி வெல்டர் என்று போட, பாலக்கரை வாட்ஸ்அப்பில் எல்லார் கையிலும் அது சுற்றியது. சுராயா கையிலும்தான். அவள் சண்டை போடவில்லை. கியாசுதீன் திரைக்கு முன்னால் வந்து நின்று கூப்பிட்டபோது பதில் மட்டும் வரவில்லை.

பெட்டி ஏர்போர்ட்டுக்கு வந்து இறங்கியது. குளிப்பாட்டும்போது கியாசுதீன் தானே தண்ணீர் ஊற்றினார். இடுப்பைச் சுற்றி பெல்ட் இறுக்கிய தடம், கறுத்துப்போய், பட்டையாக, சாகும்போது அவன் வேலையில்தான் இருந்தான் என்று யாருக்கும் தெரிகிற மாதிரி இருந்தது. கியாசுதீன் அந்த இடத்தைத் தொட்டுக் காட்டினார், பார்த்தீர்களா பார்த்தீர்களா என்றார். குளிப்பாட்ட வந்த பெரியவர் துணியை இழுத்து மூடினார். மையித்திடம் பார்த்ததை வெளியே சொல்லக் கூடாது பாய், மார்க்கம் அப்படி என்றார். சட்டமென்னவோ மையித்தின் மானத்தைக் காப்பாற்ற வந்தது.

பள்ளி முற்றம் நிறைந்துவிட்டது. எல்லாரும் வந்திருந்தார்கள், அதில் ஒரு குறையும் சொல்ல முடியாது. அந்தப் பள்ளியில் ஒரு வழக்கம் உண்டு. தொழுகைக்கு முன்னால், தொழவைக்கிற ஹஜ்ரத் ஜமாத்தைப் பார்த்து, இந்த மையித்து எப்படிப்பட்டவர் என்று கேட்பார். நல்லவர், நல்லவர் என்று முற்றமே சொல்லும். சண்டைக்காரனுக்கும் சொல்வார்கள், கருமிக்கும் சொல்வார்கள், சொல்லிவிட்டுத்தான் தொழுவார்கள். கியாசுதீன் அதற்காகத்தான் காத்திருந்தார். கேட்டவுடன் எல்லார் குரலுக்கும் மேலே கத்தவேண்டும், என் தம்பி ஒரு சொட்டுத் தொட்டதில்லை, நான் சொன்னது பொய் என்று.

ஹஜ்ரத் மைக்கைப் பிடித்தார். முன் வரிசையில் நின்ற அப்துல் சலாமைப் பார்த்தார். அப்துல் சலாம் தலையைக் குனிந்துகொண்டார். மைக்கில் கொஞ்ச நேரம் ஹஜ்ரத்தின் மூச்சு மட்டும் கேட்டது. கேட்டு, யாரும் பதில் சொல்லாமல் போய்விட்டால் அந்தக் குடும்பம் தாங்குமா என்று அந்த நல்ல மனிதர் நினைத்திருக்க வேண்டும். கேட்காமலேயே தக்பீர் கட்டித் தொழுகையைத் தொடங்கிவிட்டார்.

தொழுகையில் பேச முடியாது. சலாம் கொடுத்துத் தொழுகை முடிந்த மறுகணம் கியாசுதீன் திரும்பி வாயைத் திறந்தார். அதற்குள் மையித்து இருந்த சந்தூக்குப் பெட்டியைத் தூக்கிவிட்டார்கள். ஏற்கெனவே எவ்வளவோ தாமதம், இனி ஒரு நிமிடமும் வைக்கக் கூடாது என்று நாலு பக்கமும் அவசரப்படுத்தினார்கள். முதல் தோள் அண்ணன் தோள்தான் என்று அவரைப் பிடித்து இழுத்து சந்தூக்கின் முன் காலில் விட்டார்கள். கலிமாவை ஓதிக்கொண்டே கூட்டம் நடந்தது. தோளில் தம்பியின் பாரம் இருக்க, கியாசுதீனும் சேர்ந்து ஓதிக்கொண்டு போனார்.

கபரில் அடக்கிவிட்டுத் திரும்பியபோது பொழுது சாய்ந்துவிட்டது. வந்திருந்த பெண்கள் கிளம்பிப் போயிருந்தார்கள். அல்ஃபியாவைச் சுராயாவின் அம்மா வீட்டார் கூட்டிப்போயிருந்தார்கள். கியாசுதீன் திரைக்கு முன்னால் வந்து, அடக்கியாச்சும்மா என்றார். பல நாள் கழித்து உள்ளேயிருந்து குரல் வந்தது.

“மைக்குல கேட்டுக்கிட்டுத்தான் இருந்தேன். எப்படிப்பட்டவருன்னு ஹஜ்ரத்து கேக்கவே இல்லையே.”

மறந்திருப்பார், நேரமாகிவிட்டது, கூட்டம் என்று கியாசுதீன் என்னென்னவோ சொன்னார்.

“மறக்கல பெரிய மச்சான். அவரப் பத்திச் சொல்றதுக்கு ஒங்களவிட்டா யாரு இருக்கா? நீங்கதான் முன்னாடியே சொல்லிட்டீங்களே.”

கியாசுதீன் திரையைப் பிடித்துக்கொண்டு நின்றார். பிறகு முற்றத்தில் சொல்ல வைத்திருந்ததை அங்கே சொன்னார்.

“அவன் குடிக்கமாட்டான்மா. ஒரு சொட்டு தொட்டதில்ல.”

வீட்டில் அவர்கள் இரண்டு பேரைத் தவிர யாரும் இல்லை.