மட்காத முடிச்சு

முட்டி இரண்டும் வீங்கிக் கிடந்தன. பதினோரு நாள் சேற்றில் மண்டிபோட்ட வலி, வேலை முடிந்து இரண்டு மாதமாகியும் சரோஜாவை விடவில்லை.

பழவேற்காடு ஏரியில் கையால் தடவி இறால் பிடிப்பதுதான் அவள் பிழைப்பு. கரை அரித்து, இறால் ஒதுங்கும் சதுப்புக் கண்டல் செடிகள் போனபின் கையில் இறால் தட்டுவதில்லை. அப்போதுதான் தொண்டு நிறுவனத்திலிருந்து பிரசாந்த் வந்தார். கரையோரம் தேங்காய் நார் உருளைகளைப் போட்டு, மூங்கில் முளையில் கட்டி, உள்பக்கம் கண்டல் கன்று நட வேண்டும். மூன்று வருடத்தில் நாரெல்லாம் மட்கிவிடும், அதற்குள் வேர் கரையைப் பிடித்துக்கொள்ளும் என்றார். கட்டுவதற்கும் நார்க்கயிறே கொடுத்தார்.

மட்கும் கயிற்றை நம்பி சரோஜா எதையும் கட்டியதில்லை. அவர் சாப்பிடப் போகும் நேரங்களில், பழைய வலையின் நைலானை உருவி, தன் பங்குக்கு வந்த நாற்பது உருளையையும் முளையோடும் ஒன்றோடொன்றும் சேர்த்து இரட்டை முடிச்சு போட்டாள். நார்க்கயிறு வீட்டில் ஆடு கட்ட ஆனது.

ஐப்பசி வெள்ளம் வந்தது. பக்கத்துக் கரையில் மற்றவர்கள் நார்க்கயிற்றில் கட்டியவை ஒவ்வொன்றாக அறுந்து அங்கங்கே சேற்றில் அமுங்கின. சரோஜாவுடையவை அறவில்லை. நாற்பது உருளையும் முளைகளோடு ஒரே சரமாகப் பிடுங்கிக்கொண்டு ஏரிக்குள் ஓடி, குப்பத்து மீனவர் வேதாசலத்தின் வலையைக் கிழித்தன. கன்று ஒன்றுகூட மிஞ்சவில்லை.

அன்று வேதாசலத்தின் பாடு. எந்த நாள் யார் எந்த இடத்தில் வலை விடலாம் என்று குப்பத்தார் சீட்டுப் போட்டுப் பிரித்துக்கொள்ளும் முறை அது. அவருக்கு அடுத்த பாடு இருபத்தொரு நாள் கழித்துத்தான்.

அவர் கத்தவில்லை. கிழிந்த வலையிலிருந்து ஒரு முடிச்சை இழுத்துக் காட்டினார்.

"இன்னா சரோஜா, உன் கை முடிச்சுதானே இது? இவ்ளோ கெட்டியா நாகப்பனக்கூட நீ கட்டி வெச்சதில்லியே."

கரையில் கூடியிருந்த கூட்டம் சிரித்தது. அவளோடு கையால் இறால் பிடிக்கும் அவள் புருஷன் நாகப்பனும் சிரித்துவைத்தான்.

"செடி நிக்கட்டும்னுதாண்ணா கட்னேன்."

"அறுந்துருந்தா என் வலை தப்பிச்சிருக்கும். வலைய நான் தச்சுக்குறேன். போன பாட்ட யாரு குடுப்பா?"

பாட்டைக் கெடுத்தவர் தன் பாட்டைக் கொடுக்க வேண்டும், கொடுக்கும்வரை ஏரித் தண்ணீரில் இறங்கக் கூடாது. குப்பத்துக் கட்டுப்பாடு அது. உன் நாள் எது என்று கேட்டார்கள். சரோஜா முட்டியைப் பிடித்துக்கொண்டு நின்றாள். கையால் பிடிப்பவர்கள் பேரை யாரும் சீட்டில் எழுதியதில்லை; அவர்களுக்குப் பாடே கிடையாது.

சரோஜா வேதாசலத்துக்கு ஒரு பாடு தர வேண்டும்.