மாரிக்கண்ணுவின் துண்டு

வண்டிக்கார மாரிக்கண்ணுவுக்கு என்னை விட்டால் வேறு சாட்சி கிடையாது. ஒரு பண்ணையாரின் வைக்கோல் படப்பு பட்டப்பகலில் எரிந்துபோனது. சிவப்புத் துண்டு கட்டிய மாரிக்கண்ணுதான் தீ வைத்துவிட்டு ஓடினான் என்று பண்ணையாட்கள் சத்தியம் செய்தார்கள். அந்த நேரத்தில் அவன் என்னை வண்டியில் ஏற்றிக்கொண்டு சீவலப்பேரி போகும் வழியில், ஆற்றில் மாட்டுக்குத் தண்ணீர் காட்டிக்கொண்டிருந்தான். பாளையங்கோட்டை மிஷன் பள்ளிக்கூட வாத்தியார் சொன்னால் மாஜிஸ்திரேட் நம்பாமலா போவார்? 1909இல் கூண்டில் ஏறும்போது அப்படித்தான் நினைத்தேன், மடையன்.

நடந்ததைச் சொல்லி முடித்தேன். சர்க்கார் வக்கீல் எழுந்தார்.

"வாத்தியாரே, அன்னைக்கி அவன் தலையில என்ன நிறத்துத் துண்டு?"

"சிவப்பு."

கோர்ட்டில் கசமுசவென்று பேச்சு எழுந்தது. மாரிக்கண்ணு தலையில் கை வைத்துக்கொண்டான். அவனிடம் இருந்ததே ஒரு பச்சைத் துண்டுதானாம். அவனுடைய வக்கீல் பூதலிங்கம் அதை எடுத்து என் முன்னால் விரித்தார்.

"நல்லாப் பாத்துச் சொல்லும். இதுதான?"

"இதேதான். இந்தச் சிவப்புத் துண்டுதான்."

அவருக்கு வியர்த்துவிட்டது. கோர்ட்டுச் சேவகனின் சிவப்புக் கச்சையை வாங்கிப் பக்கத்தில் வைத்தார். இரண்டும் எனக்கு ஒரே நிறம். அதையும் சொன்னேன்.

எல்லோர் முகத்தையும் பார்த்த பிறகுதான் எனக்கு உறைத்தது. மிளகாய்ப் பழம் பறிக்கச் சொன்னால் காயையும் சேர்த்துப் பறிக்கிறேன் என்று என் மனைவி கிரேஸ் இருபது வருஷமாகத் திட்டுகிறாள். கவனக்குறைவு என்று நானும் ஒப்புக்கொண்டிருந்தேன். நாற்பத்திரண்டு வயதில், கூண்டில் நிற்கும்போதா இது தெரியவேண்டும்?

"ஐயா, எனக்குப் பச்சையும் சிவப்பும் ஒண்ணாத்தான் தெரியுது போல" என்றேன் மாஜிஸ்திரேட்டிடம்.

"இதைவிடப் பச்சைப் பொய் உண்டுமா?" என்றார் சர்க்கார் வக்கீல்.

மாஜிஸ்திரேட்டும் சிரித்துவிட்டார். நான் திரும்பத் திரும்பச் சொன்னேன். வெட்கத்தை விட்டு அழக்கூடச் செய்தேன். என் கண்ணுக்குள் அவரை எப்படிக் கூட்டிக்கொண்டு போய்க் காட்டுவது?

இரண்டு வருஷம் ஜெயில் என்று தீர்ப்பானது. விலங்கு மாட்டிக் கூட்டிப்போகும்போது மாரிக்கண்ணு என் அருகே நின்றான்.

"பண்ணையாரு மெரட்டினாரா ஐயா?"

"இல்லப்பா. சத்தியமா எனக்கு அப்படித்தான் தெரிஞ்சுது."

என்னை ஏற இறங்கப் பார்த்தான். அவன் முகத்தில் கோபம்கூட இல்லை.

"பொய்தான் சொல்லுதிய, கொஞ்சம் நம்புத மாதிரி சொல்லப்படாதா?"