பாஸில இல்லாத பிள்ளை

தொண்ணூற்றோராம் ஆண்டு ஆடி மாசம். ஃபக்டரி மூண்டு கிழமை லீவு விட்ட முதல் சனிக்கிழமை காலமை, ஜோன்சன் தன்ர பழைய டொயோட்டாவில பெண்சாதி பிள்ளையளை ஏத்திக்கொண்டு ஹேர்னிங்கில இருந்து இத்தாலிக்கு வெளிக்கிட்டான். பலெர்மோவில பெண்சாதி யசிந்தாவின்ர தாய் தகப்பன் இருக்கினம். மூண்டு நாள் ஓட்டம். ஓட்டத்துக்கு அவன் பயப்பிடேல்ல. போய் இறங்கின உடன மாமனுக்குச் சொல்லவேண்டிய ஒரு விஷயத்தை நினைச்சுத்தான் ஒரு கிழமையாச் சோறு இறங்கேல்ல.

கடைசி மகன் மைக்கல் செத்துப்போனான். அதைத்தான் சொல்லவேணும்.

செத்து ரெண்டரை வருஷம். மன்னாரில நெருப்புக் காய்ச்சல் வந்து எட்டு நாளில எல்லாம் முடிஞ்சுது. வயசு ரெண்டும் காலும். அதுக்கு அரை வருஷம் முந்தித்தான் மாமன் பஸ்தியாம்பிள்ளைக் கிழவனும் மாமி மேரிசெலினும் மகன்காரன் எடுப்பிச்சு பலெர்மோவுக்குப் போனவை. போன கையோட கிழவனுக்கு நெஞ்சு வருத்தம். "அக்கா, இப்ப எழுதிப்போடாதையுங்கோ, அப்பு தாங்கார்" எண்டு தம்பிக்காரன் மண்டாட்டமாக் கேட்டான். யசிந்தா எழுதேல்ல. பிள்ளையள் மூண்டு பேரும் சுகம் எண்டு எழுதினாள். ஒருக்கா மூண்டு எண்டு எழுதினாப்பிறகு அடுத்த கடிதத்தில எந்தக் கையால ரெண்டு எண்டு எழுதுறது? அப்பிடியே இழுபட்டுப் போச்சு. ஒவ்வொரு நத்தாருக்கும் பலெர்மோவில இருந்து பார்சல் வரும். பெட்டையளுக்குச் சட்டை, மைக்கலுக்குச் சேட்டு. வருஷத்துக்கு வருஷம் சேட்டு ஒரு சைஸ் கூட.

ஜோன்சனுக்கு இதில இன்னொரு வேதனை. அவன் மைக்கலைக் கண்டதேயில்லை. எண்பத்தாறில டென்மார்க்குக்கு வரேக்க யசிந்தா மூண்டு மாசம். அகதி எண்டு ஏத்துக்கொண்ட உடன குடும்பத்தைக் கூப்பிட மனுப் போட்டான். சட்டத்தில உரிமை இருந்தது. இருந்தும் அந்தக் காலம் தமிழரின்ர கோப்பு ஒண்டும் அசையேல்ல. அது ஏன் அப்பிடிக் கிடந்ததெண்டு இப்ப விசாரணை நடக்குது, ரீவியிலயும் காட்டுறாங்கள். அது வந்தால் ஜோன்சன் எழும்பிக் குசினிக்குப் போயிடுவான். கடைசியா எண்பத்தொன்பது கார்த்திகையில கடிதம் வந்துது. யசிந்தா, அஜந்தினி, நிறோஷினி, மைக்கல். நாலு பேரும் வரலாமாம். மைக்கல் அப்ப செத்துப் பத்து மாசம்.

அந்த நாலாம் பேரை வெட்டச் சொல்லி ஜோன்சன் ஒருத்தருக்கும் அறிவிக்கேல்ல. மனம் வரேல்ல. ஆக, கடதாசிப்படி பாத்தால் மைக்கலுக்கு டென்மார்க்கில இருக்க அனுமதி இருக்கு.

படம் எண்டு ஒண்டே ஒண்டு. ஞானஸ்நானத்தில எடுத்தது. பிளாஷ் அடிக்கேக்க பெடியன் தலையைத் திருப்பிப்போட்டான். முகம் இருக்கவேண்டிய இடத்தில புகை மாதிரி ஒரு வெள்ளை. எத்தினை தரம் ஜன்னலடியில பிடிச்சுப் பிடிச்சுப் பாத்தான்! மூக்கு எங்க, கண் எங்க எண்டு பிடிபடாது. செத்த பிள்ளைக்கு அழக்கூட அவனிட்டை ஒரு முகம் இல்லை.

"புதைச்சது நான்," எண்டு யசிந்தா வெளிக்கிட முதல் நாள் சொன்னாள். "சொல்லுறதையாவது நீங்கள் செய்யுங்கோ."

"ஓம். நான் சொல்லுறன்."

"சும்மா ஓம் போடாதையுங்கோ."

"சொல்லுறன் எண்டால் சொல்லுறன்தானே!"

கார் வெளிக்கிட்டு அரை மணித்தியாலம் ஆகேல்ல, கண்ணாடியில ஒண்டைக் கண்டான். பின் சீட்டில இடது கரையில அஜந்தினி, வலது கரையில நிறோஷினி. மூத்தவளுக்கு எட்டு, இளையவளுக்கு ஆறு. நடுவில சாப்பாட்டு பாக்கை வைச்சவன் ஜோன்சன்தான். இப்ப அது நிறோஷினியின்ர காலடியில கிடக்குது, பிள்ளை காலை மடிச்சுக்கொண்டு இருக்கிறாள். நடுச் சீட்டு வெறுமை. அதின்ர பெல்ட் மட்டும் இழுத்துப் பூட்டிக் கிடந்தது.

"பாக்கை மேல வையன் பிள்ளை. கால் உளையுமெல்லே?"

"நை," எண்டாள் நிறோஷினி. அவள் டெனிஷிலதான் பதில் சொல்லுவாள். இடம் இல்லையாம்.

மத்தியானம் கோல்டிங்கில இறங்கிச்சினம். சூசைதாசன் வீட்டில. அவனும் ஜோன்சனும் அகதி முகாமில ஒரே அறையில கிடந்தவங்கள். சூசைதாசன் கலியாணம் கட்டி அருள்நாயகி வந்து நாலு மாசம்தான். அவளுக்கு இந்தக் குடும்பத்தைப் பற்றி ஒண்டும் தெரியாது. புட்டும் மீன் குழம்பும் வைச்சு, மேசையில மூண்டு சின்னப் பீங்கான் அடுக்கினாள்.

"தங்கச்சி, பெட்டையள் ரெண்டு பேர்தான்," எண்டான் ஜோன்சன்.

"அப்ப அந்தப் பெடியன்?"

"எந்தப் பெடியன்?"

"காருக்குள்ள இருக்கிறான். வாங்கோ எண்டு கூப்பிட்டன், மாட்டன் எண்டு தலையை ஆட்டுறான். வெக்கம் போல."

சூசைதாசன் சிரிச்சான். "மச்சான், இவளுக்குக் கண்ணாடி எடுக்கவேணும். போன கிழமை வாசலில நிண்ட என்னைத் தபால்காரன் எண்டு நினைச்சுக் கதவைச் சாத்தினவள்."

"தபால்காரன் எண்டால் நேரத்துக்கு வருவான்," எண்டாள் அருள்நாயகி.

எல்லாரும் சிரிச்சினம். யசிந்தா சிரிக்கேல்ல. மூண்டாவது பீங்கானை எடுத்து உள்ள வைக்கப்போன அருள்நாயகியின்ர கையைப் பிடிச்சு, "இருக்கட்டும்" எண்டு சொன்னாள்.

ஜோன்சன் திறப்பை எடுத்துக்கொண்டு கீழ போனான். கார் பூட்டிக் கிடந்தது. உள்ள ஒருத்தரும் இல்லை. பின் கதவைத் திறந்து நடுச் சீட்டில உள்ளங்கையை வைச்சான். சூடு. ஆரோ இப்பதான் எழும்பிப் போன மாதிரி ஒரு மெல்லிய சூடு. வெயிலாயிருக்கும் எண்டு நினைச்சான். நிமிந்து பாத்தால், கட்டிடத்தின்ர நிழலுக்குள்ளதான் கார் நிக்குது. ரெண்டு பக்கச் சீட்டையும் தொட்டுப் பாத்தான். குளிர்.

"மைக்கல்?" எண்டு கூப்பிட்டான். அந்தப் பேரை அவன் வாய் திறந்து கூப்பிட்டது அதுதான் முதல் தரம். குரல் கீச்சிட்டுது. சைக்கிளில போன டெனிஷ் மனுசி ஒருத்தி திரும்பிப் பாத்திட்டுப் போனாள்.

பிறகு மோட்டர்வேயில அவன் ரோட்டைப் பாத்ததை விடக் கண்ணாடியைப் பாத்ததுதான் கூட. வெறும் சீட்டு. ரெண்டு பெட்டையளும் கரையோட ஒட்டிக்கொண்டு, நடுவை இடிச்சுப்போடாமல் இருந்தாளவை.

"பிள்ளையள், நடுவில ஆர்?"

"ஹான் சோவர்," எண்டு நிறோஷினி வாயில விரலை வைச்சாள். நித்திரையாம், சத்தம் போடவேண்டாமாம்.

ஜோன்சனுக்கு முதுகு சில்லிட்டுது. அதோட சேர்ந்து ஒரு சந்தோஷமும் வந்துது. அந்தச் சந்தோஷத்துக்குத்தான் அவன் கூடப் பயந்தான்.

"யசிந்தா, நீர் காணுறனீரோ?"

"ரோட்டைப் பாருங்கோ."

"கேக்கிறன், சொல்லுமன்!"

அவள் ஜன்னல் கண்ணாடியைக் கொஞ்சம் இறக்கினாள். பிறகு கண்ணாடிக்கு அங்கால பாத்துக்கொண்டு சொன்னாள். "நாங்கள் இஞ்ச வந்த பிளேனில இருந்தே எங்களோடதான் வாறான். நான் பாக்கிறேல்ல. பாத்தால் தூக்கவேணும். தூக்கினால் பிறகு இறக்கி விடமாட்டன்."

"எனக்கு ஏன் சொல்லேல்ல?"

"சொல்லி? நீங்களும் பிடிச்சு வைச்சிருக்கவோ? அப்புதான் அவனை உயிரோட வைச்சிருக்கிறார். ஒவ்வொரு நத்தாருக்கும் சேட்டுத் தைப்பிச்சு, வளத்துக்கொண்டு இருக்கிறார். அவருக்குச் சொன்னால் இவன் போயிடுவான். போகவேணும். என்ர பிள்ளைக்குக் களைச்சுப்போச்சு, எனக்குத் தெரியும்."

"நான் ஒருக்காக்கூடக் காணேல்ல, யசிந்தா."

"தெரியும். அதாலதான் உங்களில எனக்குப் பயம்."

எல்லையில கார் வரிசை நீளமா நிண்டுது. லீவுக்குப் போற சனம், கூரையில சைக்கிள், பின்னால கொழுவின கரவன் வீடு. வெயில் நல்லா எறிச்சுது. ஜோன்சன் அகதிகளுக்குக் குடுக்கிற நீலப் பாஸுகளை நீட்டினான். பிள்ளையளின்ர பேர் அவன்ர பாஸிலதான். டெனிஷ் பொலிஸ்காரன் இளந்தாரி, வெயிலுக்குக் கன்னம் சிவந்து கிடந்தது. பாஸைப் பாத்தான், குனிஞ்சு காருக்குள்ள பாத்தான், திரும்பப் பாஸைப் பாத்தான்.

"இதில ரெண்டு பிள்ளையள்தான் பதிஞ்சிருக்கு."

"ஓம், ரெண்டு."

"பின்னுக்கு மூண்டு பேர் இருக்கினம். இந்தப் பெடியன் ஆர்?"

ஜோன்சன் திரும்பிப் பாத்தான். வெறும் சீட்டு, பூட்டின பெல்ட். ஒருத்தரும் இல்லை எண்டு சொல்லவேணும், சொன்னால் பொலிஸ்காரனும் கண்ணைக் கசக்கிப்போட்டு விட்டிடுவான் எண்டு அவனுக்கு விளங்கிச்சுது.

"என்ர மகன்," எண்டான்.

"பேர் பதியேல்ல. ஜெர்மன்காரர் விடமாட்டினம். உங்கட ஊர்ப் பொலிஸில போய்ப் பதிஞ்சு கொண்டு வாங்கோ."

"ஐயா," எண்டு ஜோன்சன் அவன்ர கையைப் பிடிச்சிட்டான். "அவன் என்ன மாதிரி இருக்கிறான்?"

பொலிஸ்காரன் புருவத்தைச் சுருக்கினான். தன்ர கேள்வி இந்த ஆளுக்கு விளங்கேல்லையாக்கும் எண்டு நினைச்சிருப்பான், ஆறுதலா, ஒவ்வொரு சொல்லா நிப்பாட்டிச் சொன்னான்: "நடுவில இருக்கிற பெடியன். நீலக் கோடு போட்ட சேட்டு. சுருட்டை மயிர். காது ரெண்டும் உங்களுக்கு மாதிரி நீட்டிக்கொண்டு நிக்குது. இந்தா, இந்த இடத்தில ஒரு தழும்பு." தன்ர இடது புருவத்தை விரலால தொட்டுக் காட்டினான். "இப்ப எனக்கு நாக்கை நீட்டுறான்."

யசிந்தா முகத்தைப் பொத்தினாள்.

"தழும்பு..." எண்டான் ஜோன்சன் தமிழில.

"கிணத்துக்கட்டில விழுந்தவன்," எண்டாள் அவள் கைக்குள்ள இருந்து. "உங்களுக்கு நான் எழுதேல்ல. பேசுவியள் எண்டு."

பின்னால ஒரு கரவன்காரன் ஹோர்ன் அடிச்சான். பொலிஸ்காரன் திரும்பிப் போற பாதையைக் கையால காட்டினான். ஜோன்சன் காரை வெட்டித் திருப்பி, கடையளுக்குப் பக்கத்தில ஒரு ரெலிபோன் கூட்டடியில நிப்பாட்டினான்.

"இஞ்சேருங்கோ." யசிந்தாவின்ர கண் காஞ்சு கிடந்தது. "போனிலயே சொல்லிப்போடுங்கோ. சொன்னால் எல்லையால நாலு பேராப் போவம். சொல்லுறன் எண்டு வாக்குத் தந்தனீங்கள்."

"சொல்லுறன்."

சில்லறையெல்லாத்தையும் போட்டான். பெட்டையள் ரெண்டு பேரும் பின்னால வந்து கூட்டின்ர கதவைத் திறந்து பிடிச்சுக்கொண்டு நிண்டாளவை, ஆரோ உள்ள போக வழி விட்ட மாதிரி.

"தம்பியோ!" கிழவன்ர குரல் இரைச்சலுக்குள்ளால துள்ளிக்கொண்டு வந்துது. "எங்க நிக்கிறியள்? மாமி இப்பவே இறாலுக்கு ஆளை விட்டிட்டா. நாளையிண்டைக்குத்தான் வருவினம் எண்டு சொன்னாலும் கேக்கிறாவில்லை."

"மாமா, மைக்கல்..."

"மைக்கலுக்கு என்ன?" துள்ளல் அப்பிடியே நிண்டுபோச்சு. "தம்பி, பிள்ளைக்கு என்ன?"

கூட்டின்ர கண்ணாடிக்கு அங்கால, காருக்குள்ள இருந்து யசிந்தா அவன்ர வாயையே பாத்துக்கொண்டு இருந்தாள். சுருட்டை மயிர், நீட்டின காது, புருவத்தில தழும்பு. வாழ்க்கையில முதல் தரமா அவனிட்டை ஒரு முகம் இருந்தது. கிடைச்சுப் பத்து நிமிஷம் ஆகேல்ல.

"மைக்கலுக்குப் பாஸ் இல்லை மாமா. பேர் பதிய மறந்துபோனன். எல்லையில விடுறாங்கள் இல்லை. நாங்கள் திரும்பிப் போறம்."

கிழவன் நீளமா மூச்சு விட்டான். பிறகு சிரிப்பு. "என்ன மருமோன் ஐயா நீர்! பெத்த பிள்ளையின்ர பேரைப் பதிய மறக்கிறதோ? நான் பயந்தே போனன். சரி, சரி. பிறகு வாங்கோ. இப்ப அவனிட்டை ஒருக்காக் குடும். குரலையெண்டாலும் கேப்பம்."

காருக்குள்ள யசிந்தாவுக்கு விளங்கிப்போச்சு. முகத்தை மற்றப் பக்கம் திருப்பினாள்.

ஜோன்சன் ரிசீவரைக் காதால எடுத்தான். எங்க நீட்டுறதெண்டு தெரியாமல் பெட்டையளைப் பாத்தான்.

"இன்னும் கீழ, அப்பா," எண்டாள் அஜந்தினி. "இன்னும். ஆ, அவ்வளவுதான்."

அவன் முழங்காலைக் குத்தி இருந்து பிடிச்சான். கிழவன்ர குரல் பூச்சி மாதிரி ரிசீவருக்குள்ள கேட்டுது. "ஆரிது, என்ர குஞ்சோ? என்னடா, அம்மப்பாவை மறந்துபோனியோ?" பிறகு கொஞ்சம் சத்தமில்லை. பிறகு கடகடவெண்டு சிரிப்பு. "அப்பிடியோ? பொலிஸ்காரனுக்கோ? அட பாவி!" திரும்பவும் சத்தமில்லை. "ம்... ம்... பிறகு?"

ஜோன்சன் முகத்தைக் கிட்டக் கொண்டுபோனான். ஒரு மூச்சுக்கூடக் கேக்கேல்ல. முன்னால கூட்டின்ர கண்ணாடியும், அதுக்கு அங்கால வெயிலும், வரிசையா நிண்ட காருகளும்தான்.

சில்லறை முடிஞ்சுது. கிழவன் பாதிச் சொல்லில நிண்டுபோனான். ஊ எண்டு ஒரே சத்தம். ஜோன்சன் எழும்பி ரிசீவரைக் கொழுவப் போனான். நிறோஷினி மணிக்கட்டைப் பிடிச்சிட்டாள்.

"வெண்ட்," எண்டாள். பிறகு, தகப்பனுக்கு நல்லா விளங்கவேணும் எண்டாக்கும், தமிழில சொன்னாள். "பொறுங்கோ அப்பா. அவன் இன்னும் கதைச்சு முடிக்கேல்ல."

ஜோன்சன் திரும்பவும் குந்தினான். கை உளைஞ்சுது. காரின்ர முன் சீட்டில யசிந்தா தலையைக் குனிஞ்சுகொண்டு இருந்தாள். அவன் ரிசீவரை அதே உயரத்தில, ஆடாமல், பிடிச்சுக்கொண்டே இருந்தான்.