சின்னவனுக்குப் போட்ட பெருக்கல் குறி

கடுகளவுகூட இல்லாத ஓர் இதயத்தை நான் பொறாமையாலேயே நிறுத்தி, கெஞ்சியே மறுபடி ஓட வைத்திருக்கிறேன். சிரிக்காதீர்கள். என் மைத்துனனே சாட்சி. என்னை நம்பாமல் இருப்பதற்கென்றே பிறந்தவன் அவன்.

அவன் ஆய்வுக்கூடத்தில் இதயச் செல்களை வளர்க்கிறான். நான் அதே கூடத்தில் முப்பத்தைந்து வருஷம் கருவிகளைப் பழுது பார்த்து ஓய்வு பெற்றவன். வீட்டில் என் மனைவிக்கு எந்நேரமும் ஒரே பாட்டு: "என் தம்பி உயிரையே வளர்க்கிறான். நீங்க திருகாணி முறுக்குனீங்க." எனக்கு வயிறு எரிந்த எரிச்சலில் ஊருக்கே வெந்நீர் போட்டிருக்கலாம்.

ஒருநாள், செல் தட்டுகளைக் கதகதப்பாக வைக்கும் பெட்டியின் கதவு ரப்பர் தளர்ந்துவிட்டதென்று கூப்பிட்டான். தம்பி பெருமையைப் பார்க்க மனைவியும் வந்தாள். நுண்ணோக்கியில் காட்டினான். ஒரே தட்டில் இரண்டு செல் திட்டுகள். பெரியது நிமிஷத்துக்கு அறுபது முறை கம்பீரமாகத் துடித்தது. சின்னது தள்ளாடி நாற்பது. அதற்கு நேரே தட்டின் அடியில் மார்க்கரால் பெருக்கல் குறி.

"அது பழுது, அத்தான். நாளைக்குக் குப்பைக்குப் போயிடும். செல்லும் மெஷின்தானே."

"மெஷினைப் பத்தி எனக்கே பாடமா, மாப்ள?"

தட்டைப் பெட்டிக்குள் வைத்துவிட்டு அக்காவும் தம்பியும் தேநீர் குடிக்கப் போனார்கள். நான் ரப்பரை விட்டுவிட்டுத் தட்டை எடுத்து நுண்ணோக்கியில் வைத்தேன். "என்னடா, நீயும் மச்சான் மாதிரியே மினுக்குற?" என்று பெரியவனை ஒரு யுகம் திட்டினேன். அது நின்றுபோனது. கூடவே சின்னவனும். என் இதயமும் மூன்று முறை நின்றது.

அவர்கள் திரும்பி வந்தார்கள். மைத்துனன் பார்த்துவிட்டு அலறினான். "தட்டுக்கு அடியில இருக்குற சூட்டுப் பலகைக்கு ஸ்விட்சே போடலியே, குளிர்ந்து நின்னுருச்சு! பதினோரு நாள் வேலை, அத்தான்!"

ஸ்விட்ச் போட மறந்த பழுதுக்காரன்! மனைவி பார்த்த பார்வையில் பலகையே தேவைப்பட்டிருக்காது.

அவன் ஸ்விட்சைப் போட்டு, லென்ஸில் கண்ணை ஒட்டினான். நான் தட்டின் பக்கம் குனிந்தேன். "சின்னவனே, நீயும் நானும் ஒரே கட்சி. என் மானத்தைக் காப்பாத்துடா."

பத்து நிமிஷம் கழித்து அவன் வாய் பிளந்தது. கடிகாரத்தைப் பார்த்தான். எண்ணினான். மறுபடி எண்ணினான்.

"என்னடா ஆச்சு?" என்றாள் அவன் அக்கா.

"சூடு ஏறுச்சு, ஓடுது. அவ்வளவுதான்."

அவனைத் தள்ளிவிட்டு எட்டிப் பார்த்தேன். இரண்டும் ஒரே தாளத்தில் துடித்தன! "நின்னுபோன ஃபேனைப் பக்கத்து ஃபேன் வந்து ஓட்டி நான் பார்த்ததில்ல, மாப்ள!"

"இவர் சொல்றதை விடு. எதுடா முதல்ல துடிச்சது?"

அவன் நுண்ணோக்கியிலிருந்து தட்டை எடுத்தான். பஞ்சை ஸ்பிரிட்டில் நனைத்து, தட்டின் அடியில் இருந்த பெருக்கல் குறியை அழுத்தித் துடைத்தான்.

"சின்னதுதான், அக்கா. பெரியது அது பின்னாடியே வந்துச்சு. ரெண்டும் இப்ப சின்னதோட நாற்பதுலதான் ஓடுது. ஏன்னு கேக்காத. ஆனா நடந்துச்சு."