விழுப்புரம் ஹால்

என் கணவர் சீனுவாசனுக்குப் பாட்டுப் பைத்தியம். வைத்தியம் பார்த்துத் தீராத ரகம். விழுப்புரத்தில் ஒரு டிராக்டர் ஷோரூமில் ஸ்பேர் பார்ட்ஸ் பார்க்கிறார். திண்டிவனத்திலிருந்து தினமும் பஸ்ஸில் போய் வருகிறார். எங்கள் ஹாலில் பாதியை அவருடைய ஆம்ப்ளிஃபையரும் இடுப்பளவு உயர ஸ்பீக்கர்கள் இரண்டும் பிடித்துக்கொண்டிருக்கின்றன. மீதிப் பாதியில் என் தையல் மெஷின்.

போன தை மாதம் உள்ளங்கையில் அடங்குகிற ஒரு கறுப்புப் பெட்டியோடு வந்தார். அதைச் சிவப்பு வெள்ளை ஒயரில் ஆம்ப்ளிஃபையரோடு சேர்த்தார், வீட்டு வைஃபையில் இணைத்தார். சொல்வதற்கு எளிது. அந்த ஞாயிறு முழுக்கத் தரையில் உட்கார்ந்து அந்தப் பெட்டியோடு குடும்பம் நடத்தினார். சாயங்காலம்தான் ஸ்பீக்கர் வாய் திறந்தது.

"இனிமே சிடி வேணாம், பென்டிரைவ் வேணாம். போன்ல தொட்டா இதுல பாடும்" என்றார். என் போனிலும் தன்னுடைய அக்கவுண்டையே போட்டுக் கொடுத்தார். தனித்தனியாகப் பணம் கட்டுவானேன் என்றார். பெட்டிக்கு ஒரு பெயர் வைக்கச் சொல்லி போன் கேட்டது. 'திண்டிவனம் ஹால்' என்று வைத்தார். இருப்பது ஒரே ஹால், அதற்கு எதற்கு ஊர்ப்பெயர் என்று கேட்க எனக்குத் தோன்றவில்லை. என் புத்தி அவ்வளவுதான்.

நான் ப்ளவுஸ் தைக்கிறவள். பாட்டு ஓடினால் மெஷினும் ஓடும். ஆனால் தினமும் காலை எட்டு மணி வாக்கில் பாட்டு பாதியில் நின்றுவிடும். மறுபடி போட்டால் இரண்டு நிமிஷம் பாடும், மறுபடி நிற்கும். ஒன்பது மணிக்கு மேல் தானாகச் சரியாகிவிடும். ஞாயிற்றுக்கிழமை மட்டும் எந்தத் தகராறும் இல்லை. நெட் கனெக்ஷன் கொடுத்த பிரவீன்குமாரை போனில் வாய்க்கு வந்தபடி திட்டினேன். அவன் மறுநாள் எட்டு மணிக்கே வந்து நின்றான். பாட்டு நின்றது. என் போனை வாங்கிப் பார்த்தான்.

"நெட்ல ஒண்ணும் இல்லக்கா. ஒரு அக்கவுண்ட்ல ஒரு நேரத்துல ஒரு எடத்துலதான் பாடும். வேற வூட்ல யாரோ போட்டுக்கினு இருக்காங்க."

"எந்த வூட்ல?"

அவன் திரையைக் காட்டினான். இரண்டு பெயர்கள் இருந்தன. ஒன்று 'திண்டிவனம் ஹால்'. அதற்குக் கீழே 'விழுப்புரம் ஹால்'.

"இதத் தொட்டா இங்கேர்ந்தே அங்க பாட வெக்கலாம்க்கா" என்றவன் என் முகத்தைப் பார்த்தான். வேறொரு வேலை இருப்பதாகச் சொல்லிவிட்டுக் கிளம்பினான்.

விழுப்புரத்தில் எங்களுக்கு இருக்கிற ஒரே வீடு அவருடைய அண்ணன் ஆதிநாராயணன் வீடு. அந்த வீட்டோடு போக்குவரத்து அறுந்து மூன்று வருஷம். அனந்தபுரத்தில் என் அப்பா செத்தபோது அண்ணனும் வரவில்லை, என் ஓரகத்தி செண்பகமும் வரவில்லை. கருமாதிக்கும் ஆள் இல்லை. சம்பந்தி வீட்டுச் சாவுக்கு வராதவர்கள் மனுஷ ஜென்மமா? "இனிமே அந்த வாசப்படிய மிதிச்சா நீங்க எனக்குப் புருஷன் இல்ல" என்றேன். என் தலையில் கை வைத்து, மிதிக்கமாட்டேன் என்றார். அவர்கள் மகள் கலைப்பிரியா, நான் தலைவாரிவிட்டு வளர்த்த பெண், அவள் கல்யாணப் பத்திரிகையைக்கூட நான் பிரிக்கவில்லை.

அந்த வீடாக இருக்காது என்று மனசு சொன்னது. அப்படியானால் எந்த வீடு? புத்தி போகக்கூடாத இடத்துக்கெல்லாம் போனது. காலையில் ஸ்டாக் எடுக்க வேண்டும் என்று ஆறே முக்காலுக்கே பஸ் ஏறுகிற மனுஷன். போனைக் கையில் எடுத்தேன். ஆத்திரம்தான், பயமும்தான்.

'விழுப்புரம் ஹால்' என்பதைத் தொட்டேன். தெருக்கூத்து மேளம் ஒன்றைத் தேடிப் போட்டேன். சத்தத்தை ஒரே இழுப்பில் கடைசி வரைக்கும் ஏற்றினேன். என் ஹால் அமைதியாக இருந்தது. நாற்பது கிலோமீட்டர் தள்ளி எவள் வீட்டுச் சுவரோ அதிரட்டும்.

ஒரு நிமிஷம்கூட ஆகவில்லை, போன் அடித்தது.

"ஏ அம்பிகா! சவுண்டக் கொற! பக்கத்து வூட்டுக்காரங்கல்லாம் வாசல்ல வந்து நிக்கிறாங்க!"

"எந்தப் பக்கத்து வூட்டுக்காரங்க?" என்றேன்.

அந்தப் பக்கம் மேளம் மட்டும் கேட்டது. வாயைக் கொடுத்து மாட்டிக்கொண்டோம் என்று அப்போதுதான் அவருக்கு உறைத்திருக்க வேண்டும். அதற்குள் ஒரு பெண் குரல், "யாரு, அவளா? குடுங்க போன!"

செண்பகம்தான். சத்தத்தைக் குறைத்தேன், அவளை நன்றாகத் திட்ட வேண்டுமே.

அவள் முந்திக்கொண்டாள். "என்னாடி, எங்க வூட்டுக்குள்ள பூந்தும் கத்தணுமா? ஒங்கப்பன் சாவுக்கு எங்களுக்குச் சேதி சொல்லாதன்னு தடுத்தவதான நீ?"

"நானா தடுத்தேன்? நேர்ல வந்து சொன்ன மனுஷன வாசல்லயே நிக்க வச்சி, பாக்கலாம்னு அனுப்புனது யாரு?"

"எவன் வந்து சொன்னான்? ஒரு ஈ காக்கா வரல. சம்பந்தி சாவுக்கு ஆள் வந்து சொல்லாம எப்படிடி வருவோம்? மூணாவது மனுஷங்க சொல்லித் தெரிஞ்சிக்கிட்டோம். ஒம் புருஷன் மறுநாளு வந்து இதே ஹால்ல நின்னுக்கினு, 'அம்பிகா சொல்ல வேணாம்னுட்டா அண்ணி'ன்னு அழுதாரு."

அன்றைக்கு இவரைத்தான் அனுப்பினேன். போய்ச் சொல்லிவிட்டு அப்படியே ஐஸ் பெட்டிக்கும் ஏற்பாடு பண்ணிவிட்டு வாருங்கள் என்றேன். ஐஸ் பெட்டி வந்தது. "சொல்லிட்டேன், அண்ணி மொகம் குடுத்துப் பேசல" என்றார்.

"அவரக் கேளுங்க" என்றேன்.

செண்பகம் கேட்டாள். பிறகு தூரத்தில் அவர் குரல், "பெட்டிக்கு, பந்தலுக்குன்னு அலைஞ்சதுல மறந்துட்டேன் அண்ணி. ஞாபகம் வந்தப்ப பாடிய எடுத்துட்டாங்க. அவகிட்ட எப்படிச் சொல்றதுன்னு..."

மறந்துவிட்டாராம். மறந்ததை நான் மன்னித்திருப்பேன். இரண்டு பேருக்கும் ஆளுக்கு ஒரு பொய் சொல்லிவிட்டு, இரண்டு வீட்டிலும் ஸ்பீக்கர் வைத்துப் பாட்டுக் கேட்டிருக்கிறாரே, அதை எந்த நெஞ்சால் மன்னிப்பது? மூன்று வருஷமாகச் செண்பகத்தை நான் சொன்ன சொல் கொஞ்சமில்லை. அத்தனையையும் எதிரில் உட்கார்ந்து கேட்டுக்கொண்டு, குழம்பு இன்னும் கொஞ்சம் ஊற்று என்றிருக்கிறார்.

"கலை தாலி கட்டிக்கிற வரைக்கும் வாசலையே பாத்துக்கினு இருந்தாடி" என்றாள் செண்பகம். திட்டுகிற குரலில்தான் ஆரம்பித்தாள், முடிக்கும்போது அழுதாள். நானும் மெஷின் மேல் தலையைச் சாய்த்து அழுதேன்.

"அக்கா" என்றேன். "அந்த ஆளு அங்கதான் இருக்காரா?"

"செருப்பத் தேடிக்கினு இருக்காரு."

"வாசக் கேட்டப் பூட்டுங்க. சாவிய நீங்களே வச்சிக்கோங்க. நான் மேம்பாலத்துல பஸ் ஏறி வர்றேன். அதுவரைக்கும் அவர ஒண்ணும் கேக்காதீங்க."

"ஏன்டி?"

"ரெண்டு பேரும் சேந்து கேக்கலாம்."