ரோகிணியைப் பற்றி ஊர் சொன்னது

ரோகிணி கடலோடு போய்விட்டாள் என்று ஊரில் பாதிப் பேர் நம்பினார்கள். மீதிப் பேரிடம் ஆளுக்கொரு கருத்து இருந்தது.

உடன் வேலை பார்த்த ஜெனிஃபருக்குத் திருமணம் நிச்சயமாகியிருந்தது. அந்த மகிழ்ச்சிக்காக அவள் தன் தோழிகளை ஒரு சனிக்கிழமை மாலை மாமல்லபுரத்துக்கு அழைத்துச் சென்றாள். மறைமலைநகரில் வாகன உதிரிபாகங்கள் செய்யும் தொழிற்சாலை ஒன்றில் அவர்கள் அனைவரும் பணிபுரிந்தார்கள். கடலை ஒட்டிய உணவகத்தில் உண்டார்கள். மணலில் அமர்ந்து பாடினார்கள். பின்னர்ப் பேருந்து நிலையத்தை நோக்கி நடந்தார்கள். தண்ணீர் பாட்டில் வாங்கி வருவதாகச் சொல்லிக் கடைத்தெருவுக்குள் திரும்பிய ரோகிணி, அதன் பின் வரவில்லை. அவளுடைய கைபேசி அணைந்திருந்தது. கடைசிப் பேருந்தையும் போகவிட்டு, ஜெனிஃபர் அங்கேயே அழுதுகொண்டு நின்றாள்.

ரோகிணியின் ஊர் வேடந்தாங்கலுக்கு அருகில் இருந்தது. அவள் தந்தை சடையப்பன் நிலத்தைக் குத்தகைக்கு விட்டுவிட்டு, சிறிய சரக்கு வேன் ஒன்றில் செங்கல்பட்டுச் சந்தைக்குக் காய்கறி ஏற்றிச் செல்பவர். கம்பெனிப் பேருந்து நிற்குமிடத்தில் செங்கல்வராயனின் தேநீர்க் கடை இருந்தது. ஊரின் கருத்துகள் யாவும் அங்கேதான் உருவாயின. பாறையின் மேல் நின்று படம் எடுக்கையில் அலை இழுத்திருக்கும் என்றார் ஒருவர். யாரோ காரில் ஏற்றிச் சென்றிருப்பார்கள் என்றார் மற்றொருவர். செங்கல்வராயன் மட்டும் தேநீரை ஆற்றியபடியே, அந்தப் பெண் எவனோடோ ஓடிப்போயிருக்கும் என்று சொன்னான். பின்னால் வந்து நின்ற சடையப்பனை அவன் பார்க்கவில்லை. சடையப்பன் அவனுடைய சட்டையைப் பற்றி உலுக்கியதில் பொத்தான்கள் தெறித்துப் பாலில் விழுந்தன.

காதல் ஏதேனும் உண்டா என்று காவல் நிலையத்தில் கேட்டபோதும் சடையப்பன் அதே சினத்துடன் மறுத்தார். அருகில் நின்ற மனைவி அம்சா தலை குனிந்துகொண்டாள். முந்தைய ஆண்டு உறவுக்காரப் பெண் ஒருத்தி தன் விருப்பப்படி மணம் செய்துகொண்டபோது, “என் வூட்டுல ஒருத்தி இப்டிப் பண்ணா, தலை முழுகிட்டுப் போய்கினே இருப்பேன்” என்று அவர் சொல்லியிருந்தார். அப்போது அவருக்குச் சோறு பரிமாறிக்கொண்டிருந்தவள் ரோகிணி.

வாரங்கள் கடந்தன. கடப்பாக்கத்துக் கரையில் ஓர் இளம்பெண்ணின் உடல் ஒதுங்கியிருப்பதாகவும், அதனைச் செங்கல்பட்டு மருத்துவமனைக்குக் கொண்டுவந்திருப்பதாகவும் காவல் நிலையத்திலிருந்து அழைப்பு வந்தது. சந்தைக்குப் போவதாக அம்சாவிடம் கூறிவிட்டுச் சடையப்பன் தனியாகச் சென்றார். துணியை விலக்கினார்கள். அந்தப் பெண்ணின் கால் விரல்களில் மெட்டி இருந்தது. முகமும் வேறு முகம். “எம் பொண்ணு இல்ல” என்று சொன்னவர், அவளைத் தேடி வருபவர்களுக்காகத் துணியைத் தாமே இழுத்து மூடினார்.

திரும்பும் வழியில், ஊரார் சொன்ன ஒவ்வொன்றையும் அவர் மனத்துக்குள் மீண்டும் எடுத்துப் பார்த்தார். ஒரு பேச்சில் மகள் நீருக்கடியில் கிடந்தாள். மற்றொன்றில் எங்கோ பூட்டிய அறைக்குள் கிடந்தாள். ஒரே ஒரு பேச்சில் மட்டும் அவள் தன் காலால் நடந்து போய்க்கொண்டிருந்தாள். அதைச் சொன்னவனைத்தான் அவர் அடிக்கப் போயிருந்தார்.

வேன் கடையருகே நின்றதும் செங்கல்வராயன் தன் கழுத்துப் பொத்தானைக் கையால் மறைத்துக்கொண்டான்.

“அண்ணாத்த, நான் அப்புறம் ஒண்ணுமே பேசல.”

“அன்னிக்கு இன்னா சொன்ன? திரும்பச் சொல்லு.”

“ஏதோ வாய் தவறிப் போச்சு. நான் எதையும் பாக்கல நைனா. சும்மா சொன்னேன்.”

“சும்மாவே சொல்லு.”

செங்கல்வராயன் அவருடைய முகத்தைப் பார்த்தான். பின்னர் அடுப்பைத் தணித்துவிட்டு, அவர் எதிரில் வந்து அமர்ந்தான். பையன் அவள் கம்பெனியிலேயே வேலை பார்த்தவனாக இருக்கலாம் என்று தயங்கித் தயங்கித் தொடங்கினான். ஊர் திண்டிவனம் பக்கமாக இருக்கலாம். இப்போது ஓசூரிலோ வேறெங்கோ ஓர் அறை எடுத்திருப்பார்கள். ஒற்றை அடுப்பும் நாலு பாத்திரமும் வாங்கியிருப்பார்கள். பையன் குடிப்பானா என்று சடையப்பன் கேட்டார். டீ மட்டுந்தான் குடிப்பான் என்று செங்கல்வராயன் உறுதி கூறினான். அவளுக்குக் குழம்பு வைக்கத் தெரியாதே என்று சடையப்பன் கவலைப்பட்டபோது, பையனுக்குத் தெரியும் என்றான். அடுத்துச் சாதியைக் கேட்பார் என்று எதிர்பார்த்து, அதற்கும் ஒரு விடையைத் தயாராக வைத்திருந்தான். அவர் கேட்கவேயில்லை.

எழும்போது சடையப்பன் அவன் கையைப் பிடித்துக்கொண்டார்.

“உன் வாயி மறைமலைநகர் வரைக்கும் போவும், செங்கலு. வர்றவன் போறவன் எல்லார்கிட்டயும் சொல்லு. சடையப்பனுக்குக் கோவம் இல்ல. யாரோட வந்தாலும் வூட்டுக்கு வரலாம். தலை முழுகுவேன்னு சொன்னது வாபஸ்னு சொல்லு.”

அன்று அவர் மருத்துவமனைக்குப் போனதையும், கடையில் பேசியதையும் அம்சாவிடம் மறைக்காமல் கூறினார். அவள் கையிலிருந்த முறத்தைக் கீழே வைத்தாள்.

“நீ அதை நம்பறியா?”

“நம்பல. ஆனா அதுல மட்டுந்தான் அவ சாப்டுகினு கீறா.”

செங்கல்வராயன் தன் வேலையைச் செவ்வனே செய்தான். கம்பெனிப் பேருந்தில் ஏறுபவர்களிடமும், சந்தைக்குப் போகும் ஓட்டுநர்களிடமும், பறவை பார்க்க வந்து தேநீர் குடித்தவர்களிடமும் கூறினான். செய்தி கைமாறக் கைமாற வளர்ந்தது. ஒருநாள் காலை, கடப்பாக்கத்திலிருந்து மொபெட்டில் மீன் கொண்டுவரும் பெண் முதன்முறையாக அவர்கள் தெருவுக்குள் வந்தாள். அம்சாவுக்குச் சங்கரா மீனை நிறுத்துக்கொண்டே, இந்தப் பக்கத்து ஆள் ஒருவரைப் பற்றித் தங்கள் ஊரில் பேசிக்கொள்வதாகக் கூறினாள்.

“பொண்ணு ஓடிப்போச்சாம்மா. அந்த மன்சன் கோவப்படலியாம். மாப்பிள்ளைக்குப் பட்டு வேட்டி, சட்டை எல்லாம் எடுத்து வச்சிகினு வாசலப் பாத்துகினு கீறாராம். இந்தக் காலத்துல யாருக்கு வரும் அந்த மனசு?”

எந்த வீடு என்று உனக்குத் தெரியுமா என்று அம்சா கேட்டாள். தெரியாது என்றாள் அவள். அம்சா மீனை வாங்கிக்கொண்டு உள்ளே வந்து, கேட்டதைக் கணவரிடம் சொன்னாள். சடையப்பன் சாப்பாட்டுத் தட்டின் முன் கை நனைக்காமல் அமர்ந்திருந்தார்.

“கடப்பாக்கம் வரைக்கும் போய்ட்டுதா?”

“போய்ட்டுது.”

“அப்ப அவ காதுலயும் வுழலாம். நம்பி வந்து நின்னா? வூட்டுல வேட்டி இல்லன்னா பொய்யாயிடுமே.”

அன்று வேனில் காய்கறி ஏற்றவில்லை. அம்சா நல்ல புடவை ஒன்றை உடுத்திக்கொண்டு முன் இருக்கையில் அமர்ந்தாள். செங்கல்பட்டுத் துணிக்கடையில் கடைக்காரர் பட்டு வேட்டிகளை விரித்தார். சடையப்பன் ஒவ்வொன்றின் கரையையும் தடவிப் பார்த்து, பச்சைக் கரையிட்ட ஒன்றைத் தேர்ந்தெடுத்தார். சட்டை எடுக்கும்போதுதான் கடைக்காரர் கேட்டார்:

“மாப்பிள்ளைக்கு இன்னா சைஸுங்க?”

சடையப்பன் அம்சாவைத் திரும்பிப் பார்த்தார். கடைக்காரர் காத்திருந்தார். அம்சா சற்று முன்னால் நகர்ந்து, மடித்து வைத்திருந்த சட்டைகளை மெதுவாக அப்பால் தள்ளினாள்.

“துணியாவே குடுங்க. அவரு வந்து அளவு குடுத்துத் தச்சிக்குவாரு.”

கடைக்காரர் வெள்ளைத் துணியை உருட்டி விரித்து, இரண்டரை மீட்டரில் கத்தரிக்கோலை வைத்தார். சடையப்பன் சட்டென்று கை நீட்டித் தடுத்தார்.

“மூணு மீட்டரா வெட்டுங்க” என்றார். “உசரமா இருந்துட்டா?”